மூன்று-பி வீட்டின் பதில் முகவரி

சப்போர்ட் போனை எடுப்பது மஹிமாவின் வேலை இல்லை. அதை எடுக்கிற பெண்ணுக்கு அன்று காய்ச்சல். கல்கத்தாவின் செக்டார் ஃபைவில், ஆறாவது மாடியில், பதினோரு பேர் வேலை செய்த சின்னக் கம்பெனி அது. ஒருவர் வராவிட்டால் அவர் வேலையை இன்னொருவர் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் இருக்கும். மணி விடாமல் அடித்ததால் மஹிமா எழுந்து போய் எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு பெண் பெங்காலியில் பேசினாள். டாக்குரியாவில் ஒரு நாலு மாடிக் கட்டடம், மூன்றாவது மாடி, மூன்று-பி வீடு. கேட் ஆப்பைப் பற்றிப் புகார். பெயர் சரிதா வேதாச்சலம் என்றாள்.

"மஹிமா வாஞ்சிநாதன் பேசறேன், மேடம். சொல்லுங்க," என்றாள் மஹிமா தமிழில்.

மறுமுனைக் குரல் சட்டென்று மாறியது.

"தமிழா? அப்பாடா. பெங்காலில சொன்னா பைத்தியம்னு நினைக்கறாங்க. தமிழ்ல சொல்லிப் பாக்கறேன்."

மஹிமாவின் கம்பெனி செய்த ஆப் எளிமையானது. கட்டட வாசலில் காவல் இருக்கும் தர்வானிடம் ஒரு டேப்லெட் இருக்கும். யாராவது வந்தால் அவர் பெயரையும் எந்த வீட்டுக்கு என்பதையும் தர்வான் அதில் தட்டுவார். உடனே அந்த வீட்டுக்காரரின் போனுக்குக் கேள்வி போகும்: இன்னார் வந்திருக்கிறார், விடலாமா? அவர் சம்மதித்தால் டேப்லெட்டில் பச்சை வரும். மறுத்தால் சிவப்பு.

"என் போன் அடிக்கவே இல்லம்மா," என்றாள் சரிதா. "ஆனா டேப்லெட்ல பச்சை வருது. மூணு-பி சம்மதம்னு வருது. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. ஒன்பது தடவை."

"யார் வந்தாங்க, மேடம்?"

"யாருன்னு தெரிஞ்சா உங்களுக்கு ஏன் போன் பண்றேன்? ஒரு ஆள். நாப்பது வயசு இருக்கும். முழுக்கை சட்டை, கையில ஒரு குடை. மத்தியானம் மூணு மணி தாண்டி வரான். நேரா மேல வந்து என் வீட்டு வாசல்ல நிக்கறான். பெல் அடிக்கறதில்ல, கதவத் தட்டறதில்ல. சும்மா நிக்கறான். இருபது நிமிஷம். அப்புறம் இறங்கிப் போயிடறான்."

"நீங்க கதவத் திறந்து கேட்டீங்களா?"

"கதவுல லென்ஸ் இருக்கு. அது வழியாப் பாத்தேன். அவனும் அந்த லென்ஸையேதான் பாத்துட்டு நிக்கறான். போன வாரம் உள்ளங்கைய எடுத்துக் கதவு மேல வெச்சான். நான் இந்தப் பக்கம் அதே கதவுல சாஞ்சுட்டு இருந்தேன். திறக்கணும்னு தோணல."

சரிதா ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்தாள். காலை ஆறு மணி ஷிப்ட். இரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். நாற்பத்தாறு வயது. தனியாக இருந்தாள். கட்டடத்தில் மொத்தம் எட்டு வீடு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாக ஒரு புரமோட்டர் வந்திருந்தார். ஏழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அவள் போடவில்லை. அதற்குப் பிறகு லிஃப்ட் நின்றது. மாடிப்படி பல்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கேட்டுக்கு மட்டும் புது டேப்லெட் வந்தது. குடியிருப்பவர்களின் பாதுகாப்புக்காக என்று புரமோட்டரே வைத்துக்கொடுத்தார்.

"தாணாவுக்குப் போய் போலீஸ்கிட்ட சொன்னேன். புகாரை டயரில எழுதிக்கச் சொன்னேன். அந்த ஆபீசர் நேர்ல வந்து டேப்லெட்டை வாங்கிப் பாத்தார். 'நீங்கதானே ஒன்பது தடவையும் விடச் சொல்லியிருக்கீங்க, மேடம்'னார். அவர் என்னைப் பாத்த பார்வையே வேற மாதிரி இருந்துது. நான் என்னன்னு பதில் சொல்றது?"

"நான் பாத்துட்டுக் கூப்பிடறேன், மேடம். ஒரு மணி நேரம் குடுங்க."

மஹிமா தன் இடத்துக்கு வந்து மூன்று-பியின் பதிவுகளைத் திறந்தாள். ஒன்பது வரிகள். வந்தவர் பெயர் ஒன்பதிலும் ஆர். சென். ஒன்பதிலும் சம்மதம். அவள் கண் கடைசிக் கட்டத்துக்குப் போனது. கேள்வி போன பிறகு பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று அதில் இருக்கும். மற்ற கட்டடங்களில் இருக்கும் வீடுகளில் ஒன்பது விநாடி, பதினாலு விநாடி, சில சமயம் முக்கால் நிமிடம். போனைத் தேடி, கண்ணாடி போட்டு, பெயரைப் படித்துத் தட்ட அவ்வளவு ஆகும். மூன்று-பியில் 0.4 விநாடி. அடுத்ததும் 0.4. ஒன்றே ஒன்று 0.3. எந்த மனிதருடைய விரலும் அந்த வேகத்தில் தட்டாது.

கேள்வி எங்கே போகிறது என்று பார்த்தாள். சரிதாவின் போனுக்குப் போகவில்லை. அந்த இடத்தில் ஒரு கால்பேக் முகவரி இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், அமைத்தவர்: மஹிமா வி. என்று இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஜனவரி மாதம் நினைவுக்கு வந்தது.

சில வாடிக்கையாளர்கள் கேள்வி தங்கள் சொந்த சர்வருக்கு வரவேண்டும் என்று கேட்பார்கள். அவர்கள் ஒரு முகவரி கொடுப்பார்கள். வாசலில் ஆள் வந்தால் ஆப் அந்த முகவரியைக் கூப்பிடும், அங்கிருந்து வரும் பதிலை வீட்டுக்காரரின் பதிலாக எடுத்துக்கொள்ளும். அதுதான் கால்பேக். டாக்குரியா கட்டடத்துக்காகப் புரமோட்டர் அலுவலகம் அப்படி ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தது. மூன்று-பி வீட்டம்மா அடிக்கடி ஊரில் இருப்பதில்லை, அவர் சார்பில் எங்கள் அலுவலகமே பதில் சொல்லும், அவருடைய சம்மதக் கடிதம் இணைப்பில் உள்ளது என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் மித்ரா, அந்தப் புரமோட்டர்தான்.

அவர்கள் கொடுத்த முகவரி வெறும் http என்று தொடங்கியது. மஹிமா அதை ஏற்கவில்லை. அந்த http-க்குப் பின்னால் எஸ் இல்லாத முகவரி என்றால் வழியில் இருக்கிற எவனும் கேள்வியைப் படிக்கலாம், பதிலையும் மாற்றலாம். அவள் இரண்டு பக்கத்துக்கு விளக்கி எழுதினாள். முதலில் சர்வருக்குப் பாதுகாப்பு சர்டிபிகேட் வாங்குங்கள். முகவரி கடைசிக் கோடு வரை பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். வேறு எங்கும் திருப்பிவிடக் கூடாது. ஒவ்வொரு பதிலிலும் ரகசியச் சாவியால் கையெழுத்து வேண்டும், அப்போதுதான் உங்களைத் தவிர வேறு யாரும் உங்கள் பெயரில் பதில் சொல்ல முடியாது. அவர்கள் மூன்று தடவை தப்பாகச் செய்தார்கள். மூன்று தடவையும் பொறுமையாகத் திருத்திக்கொடுத்தாள். நாலாவது தடவை சோதனைக் கேள்வி அனுப்பியபோது பச்சை வந்தது. 0.4 விநாடி. அந்த எண்ணை அன்றைக்கே அவள் பார்த்தாள். நல்ல வேகமான சர்வர் என்று நினைத்து வேலையை முடித்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து மித்ராவிடமிருந்து புது வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி ஆபீசுக்கு வந்தது. அவள் இரண்டு தின்றாள்.

அந்த இணைப்புக் கடிதத்தை அவள் அன்று திறக்கவே இல்லை. இப்போது திறந்தாள். மெட்ராஸில் இருக்கும் உறவினரிடம் அடிக்கடி போகிறேன் என்று நாலு வரி டைப் செய்து, கீழே ஒரு கையெழுத்து. அதைப் படமெடுத்து சரிதாவுக்கு அனுப்பினாள்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "இது என் கையெழுத்து இல்லை. எனக்கு மெட்ராஸ்ல யாரும் இல்ல, நான் எந்த ஊருக்கும் போறதில்ல. இதை யார் எழுதினது?"

மஹிமா கம்பெனி முதலாளி ஜெய்ராமின் அறைக்குப் போனாள். ஜெய்ராமின் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கல்கத்தாவில்தான். ஐம்பது தாண்டியவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். மஹிமாவுக்கு முதல் வேலை கொடுத்தவர் அவர்.

"சார், டாக்குரியா மூணு-பி கால்பேக்கை நிறுத்தணும். அந்தம்மா சம்மதமே கொடுக்கலை. கடிதம் பொய்."

"உக்காரு." அவர் லேப்டாப்பை மெல்ல மூடினார். "அந்தம்மாவோட நீ பேசினியா? எந்த லைன்ல? சப்போர்ட் லைன்லயா? அது ரெக்கார்ட் ஆகுமே."

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"அவங்க வீட்டு வாசல்ல ஒருத்தன் வந்து நிக்கறான், சார். ஒன்பது தடவை."

"கதவை உடைச்சானா? பெல்லாவது அடிச்சானா? இல்லையே. நின்னான். நிக்கறதுக்கு என்ன கேஸ் போடுவா?" அவர் குரல் உயரவே இல்லை. "நாம குழாய் போடறவா, மஹிமா. அது ஒழுகாமப் பாத்துக்கறதுதான் நம்ம வேலை. உள்ள என்ன ஓடறதுங்கறது அவா விஷயம். நீ போட்ட குழாய் ஒழுகலை. மித்ரா அதைத்தான் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டார்."

"என்னைப் பத்தியா?"

"யார் இவ்வளவு சுத்தமா பண்ணிக் குடுத்ததுன்னு கேட்டார். உன் பேரைச் சொன்னேன். உன் வீடு எங்கன்னு கேட்டார். காளிகாட்னு சொன்னேன். கோயில் பக்கமா, மெட்ரோ பக்கமான்னு விசாரிச்சார். ரொம்ப அக்கறையான மனுஷன். அவர் கட்டடங்கள் எல்லாத்துக்கும் நம்ம ஆப்தான் போகப்போறது. அதனால இதை நீ தொடாதே. நான் பேசிக்கறேன்."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போகும்போது மஹிமா மெட்ரோவில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். காளிகாட் ஸ்டேஷனில் இறங்கி, எப்போதும் போகிற சந்து வழியை விட்டுச் சுற்றுவழியில் நடந்தாள். அம்மா ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, வண்டியில் கூட்டம் என்றாள்.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று ஆபீசுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு டாக்குரியா போனாள். ஆட்டோ பாலத்தைத் தாண்டி இறக்கிவிட்டபோது மணி இரண்டரை. ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெரு. கட்டடத்தின் ஜன்னல்கள் பெரும்பாலும் மூடியிருந்தன. சிலவற்றில் கண்ணாடியே இல்லை. மூன்றாவது மாடி பால்கனியில் மட்டும் துணி காய்ந்தது. அங்கே மூக்குக் கண்ணாடி போட்ட, குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண் கையில் போனுடன் நின்றாள். மஹிமாவைப் பார்த்ததும் கையை அசைத்தாள்.

கேட்டில் ஹரிபத என்ற வயதான தர்வான் இருந்தார். பெயரைக் கேட்டு, எழுத்து எழுத்தாகத் தட்டினார். மஹிமா வாஞ்சிநாதன், மூன்று-பி.

உடனே பச்சை வரும் என்று மஹிமா எதிர்பார்த்தாள். அந்த சர்வர் எதற்கும் சரி என்று சொல்லும்படி செய்து வைத்திருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பச்சை வரவில்லை. டேப்லெட்டில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து விநாடி. எட்டு. பதினொன்று. பிறகு சிவப்பு வந்தது.

மூன்று-பி மறுப்பு.

"தீதி வேண்டாம்னு சொல்லிட்டாங்க," என்றார் ஹரிபத பெங்காலியில், மூன்று-பி அக்காவைச் சொல்லி.

"ஹரி-தா, நான்தான் இங்க நிக்கறேனே! அவங்கள விடுங்க!" என்று சரிதா மேலேயிருந்து அவர் மொழியிலேயே கத்தினாள். போனைத் தூக்கிக் காட்டினாள். "இது அடிக்கவே இல்ல!"

ஹரிபத அண்ணாந்து பார்த்தார். மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம். "மெஷின்ல சிவப்பு இருக்கும்போது விட்டா என் வேலை போயிடும், தீதி. பச்சைன்னா விடு, சிவப்புன்னா விடாதேன்னுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க."

மஹிமா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினொரு விநாடி. இதற்குப் பதில் சொன்னது இயந்திரம் இல்லை. எங்கோ ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ அவள் பெயரைப் படித்திருக்கிறார்கள். படித்து, யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவள் இப்போது எங்கே நிற்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரிதா மூன்று மாடியும் இறங்கி வந்து, ஹரிபதவைத் தாண்டி, மஹிமாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அவர் தடுக்கவில்லை.

படிக்கட்டு பட்டப்பகலிலும் இருட்டாக இருந்தது. முதல் மாடி வீட்டு வாசலில் மாதக்கணக்கான செய்தித்தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக்குக் கதவே இல்லை. சரிதா போனின் வெளிச்சத்தில் முன்னால் நடந்தாள்.

வீட்டுக்குள் வந்து தாழ் போட்டதும் மஹிமா உட்காரவில்லை. "மேடம், ஒண்ணு சொல்லிடறேன். அந்த முகவரிய வெச்சுக் குடுத்ததே நான்தான்."

சரிதா அவளைப் பார்த்தாள். "தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியாது. ஆனா கேட்டிருக்கலாம். உங்க நம்பர் என் ஸ்கிரீன்லயே இருந்துது. ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"ஆமா," என்றாள் சரிதா. "பண்ணியிருக்கலாம்."

உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மஹிமா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். ஆபீஸ் சிஸ்டத்துக்குள் இன்னும் நுழைய முடிந்தது. ஒன்பது பதிவுகளையும், அவற்றின் விநாடிக் கணக்கையும், பொய்க் கடிதத்தையும், அன்று விழுந்த பத்தாவது பதிவான தன் பெயரையும் சேர்த்து ஒரு கோப்பாக்கி சரிதாவின் மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. அதே சர்வர் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடினாள்.

இருபத்து மூன்று வீடுகள் வந்தன. பெஹாலா, ஜாதவ்பூர், கஸ்பா, சால்ட் லேக். ஒரு கட்டடத்துக்கு ஒரு வீடு, அதிகம் போனால் இரண்டு. இவற்றை அவள் அமைக்கவில்லை. அமைத்தவர் பெயர் ஜெய்ராம் என்று இருந்தது. ஆனால் செய்முறை அவளுடையது. அதே சர்டிபிகேட், அதே ரகசியச் சாவி முறை. அவள் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்தை வைத்து அச்சுப் பிசகாமல் செய்திருந்தார்கள். எல்லாவற்றிலும் 0.4.

அந்தப் பட்டியலையும் அனுப்பி முடித்தபோது திரையில் புது வரி ஒன்று வந்து விழுந்தது. ஆர். சென். மூன்று-பி. சம்மதம். 0.4 விநாடி.

"வந்துட்டான்," என்றாள் மஹிமா.

சரிதா எழுந்து போய்க் கதவின் லென்ஸில் கண்ணை வைத்தாள். படியேறும் சத்தம் கேட்டது. அவசரம் இல்லாத நடை. ஒவ்வொரு படிக்கும் குடையின் நுனி டொக் என்று தட்டியது. கதவுக்கு வெளியே வந்து நின்றது. பிறகு சத்தமே இல்லை.

சரிதா திரும்பிப் பார்க்காமல் விரலால் சைகை செய்தாள். இங்கேதான் இருக்கிறான்.

மஹிமா மூன்று-பியின் அமைப்பைத் திறந்தாள். கால்பேக் முகவரியை அழித்தாள். நிச்சயமாகவா என்று சிஸ்டம் கேட்டது. ஆம் என்றாள். அந்த இடத்தில் சரிதாவின் போன் எண்ணைப் போட்டுச் சேமித்தாள். மூன்று மாதமாக இருந்த ஏற்பாடு போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு மேஜை மேல் இருந்த சரிதாவின் போன் அடித்தது.

அந்த வீட்டில் அந்த மணி முதல்முறையாக அடித்தது. இரண்டு பெண்களும் திடுக்கிட்டார்கள். திரையில் கேள்வி இருந்தது: மித்ரா வந்திருக்கிறார். மூன்று-பி. விடலாமா?

மஹிமாவின் பெயரைப் படித்தவர் நேரிலேயே புறப்பட்டு வந்திருந்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே நின்றவன் அப்போதுதான் முதல்முறையாகப் பேசினான். மிக மரியாதையான, மெல்லிய குரல்.

"போன்டா தொருன், தீதி."

போனை எடுங்கள், அக்கா. வீட்டில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

சரிதா லென்ஸை விட்டு விலகி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. போனை எடுத்து, வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

கீழே பேச்சுக் குரல் எழும்பியது. பால்கனிக் கதவு வழியாகக் கேட்டது. யாரோ அதட்டினார்கள். ஹரிபத ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "லால், பாபு. லால் எஸேச்சே." சிவப்பு வந்திருக்கிறது, ஐயா. அவருக்கு மித்ரா யாராக இருந்தாலும் சிவப்பு சிவப்புதான்.

போன் மறுபடி அடித்தது. அதே கேள்வி. வேண்டாம். மூன்றாவது முறையும் அடித்தது. வேண்டாம். பிறகு அடிக்கவில்லை.

கதவுக்கு வெளியே இன்னொரு போன் மணி கேட்டது. அவன் எடுத்து, வருகிறேன் என்று ஒரு சொல் சொன்னான். குடையின் சத்தம் படிப்படியாகக் கீழே போயிற்று. சரிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மஹிமாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சியால்தா போகும் லோக்கல் ரயில் ஒன்று கட்டடத்தை லேசாக அதிரவைத்துக்கொண்டு போனது.

மூன்றே முக்காலுக்கு லேப்டாப் தானாகவே அவளை வெளியே தள்ளியது. அனுமதி ரத்து என்று திரையில் வந்தது. அடுத்த நிமிடமே ஜெய்ராம் கூப்பிட்டார்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே நீ? அதை நான் மறுபடி மாத்திட்டேன். நீ இனிமே ஆபீசுக்கு வராதே." அவர் மூச்சு வாங்கினார். கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாகத் தெரிந்தது. "நான் சொல்றதைக் கேளும்மா. கொஞ்ச நாள் ஊருக்குப் போயிடு."

"எந்த ஊருக்கு, சார்? இதுதான் என் ஊர்."

அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயந்தரமே இருவரும் தாணாவுக்குப் போனார்கள். அதே ஆபீசர்தான் இருந்தார். மஹிமா விநாடிக் கணக்கைக் காட்டி விளக்கினாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலில் அவர் கேட்கிற மனநிலையில் இல்லை. கடைசியில் தன் போனை எடுத்துத் திறந்து, ஒரு பெயரைப் படித்துப் பட்டனை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று தானே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சோதித்தார். இரண்டாவது முறையும் சோதித்தார். பிறகு சரிதாவைப் பார்த்து, "உட்காருங்க, மேடம்" என்றார். டயரி எழுதப்பட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாகவே நடந்தது. ஒரு வக்கீல் பிடித்து, சரிதாவின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் யாரும் அந்தக் கட்டடத்தில் ஏறக்கூடாது என்று கோர்ட் உத்தரவு வாங்கினார்கள். டேப்லெட் போய், ஹரிபதவின் கைக்கு நோட்டுப் புத்தகம் வந்தது. மித்ரா விசாரணைக்கு வந்தார். சர்வரில் ஏதோ கோளாறு, கடிதத்தை அனுப்பிய ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார். ஆர். சென் என்ற பெயரில் அவர்களிடம் யாருமே இல்லையாம். குடைக்காரனை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மஹிமா தகவல் திருடியதாக ஜெய்ராமின் வக்கீலிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது.

சரிதா அந்த வீட்டிலேயே இருந்தாள். கையெழுத்துப் போடவில்லை. மாடிப்படிக்குத் தன் கையால் ஒரு பல்பு வாங்கிப் போட்டாள். ஒரு வாரத்தில் அது காணாமல் போயிற்று. இன்னொன்று வாங்கிப் போட்டாள். அதுவும் போயிற்று. "லேப்லேருந்து வர வழியிலதான் கடை இருக்கு," என்று மஹிமாவிடம் சொன்னாள். "பாப்போம், யார் முதல்ல நிறுத்தறாங்கன்னு."

மஹிமாவின் கையில் இருபத்து மூன்று வீடுகளின் பட்டியல் இருந்தது. போலீஸிடமும் ஒரு பிரதி இருந்தது. ஒவ்வொன்றாக விசாரிப்போம் என்றார்கள். மே மாதம் பிறந்தும் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஒரு நாள் மதியம் அவளே போனை எடுத்து உட்கார்ந்தாள்.

முதல் எண் அணைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது வீட்டுக்காரர் போன மாதமே கையெழுத்துப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எதையும் பேச விரும்பவில்லை. மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. ஐந்தாவது, கஸ்பாவில் ஒரு முதியவர். ரிடையரான ரயில்வே உத்தியோகஸ்தர், மனைவி இறந்து தனியாக இருக்கிறார். அவர் பெங்காலியில் நிதானமாகப் பேசினார். கேட் ஆப்பா, அது நன்றாக வேலை செய்கிறது, தொந்தரவே இல்லை, போன் அடிப்பதே இல்லை என்றார்.

"உங்கள் வாசலுக்கு யாராவது வந்து நிற்கிறார்களா?" என்று மஹிமா அவர் மொழியிலேயே கேட்டாள். "பெல் அடிக்காமல்?"

"ஓ, அவரா? வருகிறாரே. வாரத்துக்கு மூன்று நாள், மூன்று மணிக்கு மேல். இன்றும் வருகிற நாள்தான். முதலில் எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பாவம், எவ்வளவு நேரம்தான் நிற்பார்? நான் இப்போது வெளியே ஒரு நாற்காலி போட்டு வைத்துவிடுகிறேன்."

மஹிமா பேனாவை எடுத்தாள்.

"ஐயா, நான் சொல்வதை மட்டும் கேளுங்கள். நான் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். எந்தத் தெரு, எந்த மாடி, சொல்லுங்கள்."

அவர் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். மணியைப் பார்த்தாள். இரண்டு இருபது. சரிதா அன்று லீவு. அவளுக்கு முகவரியை அனுப்பி, நேரே அங்கே வந்துவிடும்படி ஒரு வரி எழுதினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, ராஷ்பிஹாரி தெருமுக்கை நோக்கி வேகமாக நடந்தாள்.